ஒளியும் ஒரு மூலப்பொருள்: நாகலாபுரம் கோபுரம் முதல் நம் கையிலுள்ள ரூபாய் நோட்டு வரை

வீடு கட்டுகிறவரிடம் என்னென்ன பொருள்கள் வேண்டும் என்று கேட்டால் செங்கல், மணல், சிமெண்ட், கம்பி என்று வரிசையாகச் சொல்வார். ஒளியை அந்த வரிசையில் சேர்ப்பவர் அரிது. பகலில் அது தானாக வருகிறது. இரவில் பொத்தானை அழுத்தினால் வருகிறது. எனவே அதனை ஒரு பொருளாக எண்ணும் பழக்கம் நமக்கு இல்லை.

ஆனால் மரத்தை இழைப்பது போலவும் கல்லைச் செதுக்குவது போலவும் ஒளியை அளந்து, வழிப்படுத்தி, வடிகட்டி வேலை செய்தவர்கள் உண்டு. சித்தூர், திருப்பதி வட்டாரத்திலும் அதன் அண்டை மாவட்டங்களிலும் அவர்கள் கைவேலை இன்றும் காணக் கிடைக்கிறது. ஒரு கோயில், ஒரு கூத்து, ஓர் ஆய்வகம் ஆகிய மூன்றை இக்கட்டுரையில் காண்போம். இம்மூன்றிலும் பயன்படும் அதே ஒளி இயல்புகள், வாசகர்களின் சட்டைப்பையில் இருக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டிலும் வேலை செய்கின்றன. அவற்றை அறிந்துகொள்வது கையிலுள்ள பணத்தைக் காத்துக்கொள்வதற்கும் துணை செய்யும்.

நேர்வழியில் செல்லும் ஒளி: நாகலாபுரம்

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குச் செல்லும் பாதையில் நாகலாபுரம் உள்ளது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509–1529) தம் தாயார் நாகலாம்பாவின் பெயரை இவ்வூருக்குச் சூட்டினார் என்பது வரலாறு. இங்குள்ள வேதநாராயண சுவாமி கோயில் மேற்கு நோக்கியது. மச்சாவதாரக் கோலத்தில் பெருமாள் எழுந்தருளியுள்ள இக்கோயில், 1967 முதல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருந்து வருகிறது.

ஆண்டுதோறும் மார்ச் மாதக் கடைசி வாரத்தையொட்டி இங்குச் சூரிய பூஜை நடைபெறுகிறது. மாலை ஆறு மணிக்கும் ஆறேகால் மணிக்கும் இடைப்பட்ட சிறு பொழுதில், மறையும் கதிரவனின் ஒளி இராசகோபுர வாயிலில் நுழைந்து, மண்டபங்களைக் கடந்து, கருவறையை அடைகிறது. முதல் நாள் திருவடியிலும், இரண்டாம் நாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் கதிர் படுவதாகக் கோயில் மரபு கூறுகிறது. கோபுரத்திலிருந்து கருவறை வரையுள்ள தொலைவு 630 அடி என்று சொல்லப்படுகிறது.

பக்தர்களுக்கு இது கதிரவன் இறைவனை வழிபடும் நாள். கட்டடக்கலையின் கண்கொண்டு பார்ப்போர்க்கும் இதில் வியப்பதற்கு நிறைய உண்டு. சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தால் அது விளங்கும்.

கதிரவன் நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டமாகத் தெரிகிறது. ஒரு புள்ளியிலிருந்து வராமல் அந்த வட்டம் முழுவதிலிருந்தும் கதிர்கள் வருவதால், ஓர் ஊசித்துளை வழியாக நுழையும் வெயில்கூட 630 அடி கடந்து சேரும்போது ஏறத்தாழ 6 அடி அகலத்துக்குப் பரவிவிடும். அஃதாவது, ஓர் ஆள் உயரம்.

அடுத்து, கதிரவன் மறையும் இடம் நாள்தோறும் சிறிது நகர்கிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாதத்தில் அந்த நகர்வு மிக வேகமானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 பாகை. 630 அடித் தொலைவில் இது நாலரை அடிக்குச் சற்றுக் குறைவான இடப்பெயர்ச்சியாகும். வாயிலின் அகலம் ஓர் எல்லைக்கு உட்பட்டது. எனவே ஒளி அந்த நேர்கோட்டில் பொருந்தி நிற்பது சில நாள்கள் மட்டுமே. ஜூன் 21 ஆம் நாளையொட்டிக் கதிரவன் மறையும் திசைக்கு நேராக ஒரு கோயில் அமைந்திருக்குமானால் கதை வேறாகியிருக்கும். மார்ச் மாதத்தில் ஒரே நாளில் நகரும் அளவை, அப்போது நகர ஏறத்தாழ பத்து நாள்கள் பிடிக்கும். விழா மூன்று நாள்களில் அடங்காமல் வாரக்கணக்கில் நீண்டிருக்கும்.

மூன்றாவது, பொழுது. மறையும் வேளையில் கதிரவன் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற வேகத்தில் இறங்குகிறது. அது இறங்க இறங்க, வாயிலின் மேல்விளிம்புக்குக் கீழே நுழையும் கதிர் தரையிலிருந்து மேல்நோக்கி ஏறும். மாலை வேளையில் நம் வீட்டு வாசல் வழியாக வரும் வெயில் கூடத்தைத் தாண்டி எதிர்ச்சுவரில் மெல்ல ஏறுவதைப் பார்த்திருப்போம். அங்கே நடப்பதும் அதுவே.

கதிரவன் இதே திசைக்குச் செப்டம்பர் நடுப்பகுதியிலும் திரும்பி வருகிறது. ஆயினும் அது மாலையில் மேகம் திரளும் பருவம். பங்குனி வானம் பொதுவாகத் தெளிந்தது. ஒளியை நம்பி விழா எடுப்பதற்கு எந்த மாதம் ஏற்றது என்பதை இதனால் உணரலாம்.

இங்கு நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஒளி ஓவியமாகத் தீட்டப்பட்டதன்று. விளக்காக ஏற்றப்பட்டதும் அன்று. சுவரும் வாயிலும் இருக்கும் இடத்தில் இருக்கின்றன, கதிரவன் நகர்கிறான், இரண்டும் பொருந்தும் கணத்தில் காட்சி பிறக்கிறது. அதனை ஒளிப்படம் எடுக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் ஒளி ஏறுவதில்லை, இறங்குவதில்லை. தோற்றத்தை நகலெடுக்க முடியும். ஒளியின் நடத்தையை நகலெடுக்க முடியாது. நோட்டைப் பற்றிப் பேசும்போது இக்கருத்துக்கு மீண்டும் வருவோம்.

ஊடுருவிச் செல்லும் ஒளி: தோல்பாவை

நாகலாபுரத்தில் ஒளி திறந்த வெளியைக் கடந்து வருகிறது. ஒரு பொருளின் உள்ளேயே ஒளியைப் புகவிட்டு உருவம் படைப்பது மற்றொரு வித்தை. தமிழில் தோல்பாவைக்கூத்து என்றும், தெலுங்கில் தோலு பொம்மலாட்ட என்றும் வழங்கும் கலை அத்தகையது. சித்தூருக்கு வடமேற்கே, தர்மவரம் பக்கத்திலுள்ள நிம்மலகுண்டா இக்கலைஞர்கள் வாழும் ஊர். பழைய அனந்தபூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இப்போது ஸ்ரீ சத்யசாயி மாவட்டத்தில் உள்ளது. இவ்வூரைச் சேர்ந்த தளவாய் சலபதி ராவ் அவர்களுக்கு 2020 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆந்திரத் தோல்பாவைக் கலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

ஆட்டுத் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, விரித்துக் கட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குச் சுரண்டுகிறார்கள். தடித்த இடத்தில் ஒளி தேங்கும். மெலிந்த இடத்தில் கசியும். அதன்மேல் சாயம் ஏற்றும்போது, தோல் வண்ணக் கண்ணாடிபோல் ஆகிறது. கிரீடம், ஆரம், கச்சை முதலிய அணிகளைத் தீட்டுவதோடு நில்லாமல், சிற்றுளியால் துளையிட்டும் காட்டுகிறார்கள். விளக்கின்முன் நிறுத்தினால் ஒவ்வொரு துளையும் ஒரு மணிக்கல்லாக மின்னும். பகலில் தரையில் கிடக்கும் பாவை வெறும் தோல். பின்னால் ஒளி வந்து நின்றால்தான் அது இராமனாகவும் அனுமனாகவும் உயிர் பெறும்.

இதில் கலைஞரின் கையசைவுக்கு ஒளி உடனுக்குடன் விடை சொல்கிறது. பாவையைத் திரைத்துணியில் ஒட்டிப் பிடித்தால் விளிம்பு கூர்மையாகத் தெரியும். திரையிலிருந்து விலக்கி விளக்கை நோக்கி நகர்த்தினால் உருவம் பெரிதாகும், விளிம்பு மங்கும். அரக்கன் தோன்றி மறைவதற்கும், பறக்கும் பாத்திரம் நெருங்கி வருவதற்கும் இந்த ஓர் இயல்பே போதுமானது. விளக்கின் சுடர் புள்ளியாக இல்லாமல் ஓர் அகலம் உடையதாக இருப்பதே இந்த மங்கலுக்குக் காரணம். நாகலாபுரத்தில் கதிரவனின் அகலத்தால் ஒளி ஆறடி பரவுகிறது என்று கண்டோம். இரண்டுக்கும் விதி ஒன்றுதான்.

விடிய விடிய நடந்த கூத்துகள் இன்று குறைந்துவிட்டன. அதே தோலையும் அதே துளை வேலையையும் கொண்டு விளக்குக் கூடுகளும் சுவர் அலங்காரங்களும் செய்து நிம்மலகுண்டாவின் குடும்பங்கள் பிழைத்து வருகின்றன. மேடை மாறியிருக்கிறது, ஒளியைத் தோலில் வடிகட்டும் அறிவு மாறவில்லை.

சென்று திரும்பும் ஒளி: காதங்கி

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய காதங்கியில், இந்திய விண்வெளித் துறையின்கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் அமைந்துள்ளது. இங்கு ஒளி, தொட்டறியும் கருவியாகப் பயன்படுகிறது. 1998 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஒத்துழைப்புடன் இங்கு லைடார் என்னும் கருவி நிறுவப்பட்டது. பச்சை நிற லேசர் ஒளியைச் சிறு சிறு துடிப்புகளாக இரவு வானில் செங்குத்தாகச் செலுத்துவது இதன் வேலை. மேலே உள்ள தூசி, மெல்லிய பனிமேகம், காற்று மூலக்கூறுகள் ஆகியவற்றில் பட்டு, அந்த ஒளியின் மிகச் சிறு பகுதி கீழே திரும்புகிறது. தொலைநோக்கி அதனைச் சேகரிக்கிறது.

ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 30 கிலோமீட்டர் உயரம் வரை சென்று திரும்ப வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பியது என்பதிலிருந்து உயரமும், எவ்வளவு திரும்பியது என்பதிலிருந்து அங்கே இருப்பது என்ன என்பதும் கணிக்கப்படுகின்றன. இருட்டில் கைத்தடியால் தட்டித் தட்டி வழி அறிவது போன்றது இது. தடிக்குப் பதில் ஒளி. நாம் ஒரு கேள்வி அனுப்புகிறோம். பொருள் விடை அனுப்புகிறது. பொருள் வேறானால் விடையும் வேறாகும்.

மூன்றும் கூடும் காகிதம்

இப்போது ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். 2016 நவம்பரில் அறிமுகமான, செங்கோட்டைப் படம் கொண்ட நோட்டு. அதனைப் பொதுவாக நாம் ‘அச்சிட்ட காகிதம்’ என்றே நினைக்கிறோம். உண்மையில் அது ஒளிக்கு விடை சொல்லும்படி வடிவமைக்கப்பட்ட பொருள். மேலே கண்ட மூன்று இயல்புகளும் அதில் அமைந்துள்ளன.

*ஊடுருவும் ஒளி.* நோட்டின் வெற்றிடப் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் காந்தியடிகளின் உருவமும் 500 என்ற எண்ணும் தெரியும். இது நீர்க்குறி, வாட்டர்மார்க் என்றே கவுன்டரில் சொல்கிறோம். இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரில் 13 ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட கலை இது. காகிதம் கூழாக இருக்கும்போதே சில இடங்களில் தடிப்பாகவும் சில இடங்களில் மெலிதாகவும் அமைக்கப்படுகிறது. தடித்த இடம் இருளும். மெலிந்த இடம் ஒளிரும். பாவைக் கலைஞர் தோலைச் சுரண்டிச் செய்வதைக் காகித ஆலை கூழில் செய்கிறது. அதனால் உண்மையான நீர்க்குறியில் முகத்தின் நிழல் படிப்படியாக மாறும். போலி நோட்டில் மங்கலான மையால் அச்சிடப்பட்ட உருவம் மேசைமேல் கிடக்கும்போதே கண்ணில் படும். ஒளிக்கெதிரே பிடித்தாலும் அதில் அந்த ஆழம் வருவதில்லை.

அதே போல், முன்புறத்தில் பாதியும் பின்புறத்தில் பாதியுமாக அச்சிடப்பட்ட கோடுகள், ஒளிக்கெதிரே பிடிக்கும்போது ஒன்றோடொன்று பொருந்தி 500 என்ற எண்ணாகும். கோபுர வாயிலும் கருவறை வாயிலும் ஒரே கோட்டில் பொருந்துவதை இது நினைவூட்டும். இருபுறமும் மயிரிழை பிசகாமல் அச்சிடும் எந்திரம் இல்லாதவர்க்கு இது கைகூடுவது கடினம்.

*சாய்வாக விழும் ஒளி.* நோட்டைக் கண்மட்டத்தில் ஏறத்தாழ 45 பாகை சாய்த்துப் பிடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத 500 என்ற மறைபிம்பம் வெளிப்படும். அவ்விடத்தில் மை மேடாக, நுண்ணிய வரிகளாகப் படிந்துள்ளது. எண்ணின் வரிகள் ஒரு திசையிலும், சுற்றியுள்ள வரிகள் வேறு திசையிலும் ஓடுகின்றன. உழுத நிலத்தை நடுப்பகலில் பார்த்தால் ஒரே நிறமாக இருக்கும்; மாலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு சாலும் தனித்தனியே நிழலோடு தெரியும். நோட்டில் உள்ள சால்கள் மிகச் சிறியன, வேறுபாடு அவ்வளவே.

*அசைவுக்கு மாறும் நிறம்.* நோட்டின் பாதுகாப்பு இழையில் தேவநாகரி எழுத்தில் ‘பாரத்’ என்றும், ஆங்கில எழுத்தில் ரிசர்வ் வங்கியின் சுருக்கப் பெயரும் காணப்படும். நோட்டைச் சாய்த்தால் இழையின் நிறம் பச்சையிலிருந்து நீலமாக மாறும். கீழ்மூலையில் ரூபாய்க் குறியுடன் உள்ள 500 என்ற எண்ணும் அவ்வாறே பச்சையிலிருந்து நீலமாகும். மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெய் பல நிறம் காட்டுவதற்கான காரணமே இதற்கும் காரணம். மிக மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுப்பெறும், சில அழியும். சாய்வு மாறினால் ஒளி கடக்கும் வழியின் நீளம் மாறும். வலுப்பெறும் நிறமும் மாறும்.

*கேள்விக்கு விடை.* எங்கள் காசாளரின் மேசையில் புற ஊதா விளக்கு இருப்பதை வாசகர்கள் கண்டிருக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒளியை நோட்டின்மீது செலுத்தினால், வரிசை எண் உள்ள பகுதியும் காகிதத்தில் ஆங்காங்கே கலந்துள்ள நுண்ணிழைகளும் ஒளிரும். ஆனால் நோட்டின் காகிதம் மங்கலாகவே இருக்கும். நோட்டுக் காகிதம் பருத்தியால் ஆனது. கடைகளில் விற்கும் வெள்ளைத்தாளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் அதில் இல்லை. சாதாரணத் தாள் அந்த விளக்கின்கீழ் நீலவெண்மையாகப் பளிச்சிடும். காதங்கி லைடாரைப் போலவே இங்கும் ஒளியால் கேள்வி கேட்டு விடை பெறுகிறோம். ஓர் எச்சரிக்கை: சட்டைப்பையில் மறந்து வைத்து, சோப்புத்தூளில் துவைத்தெடுத்த நல்ல நோட்டும் அந்த விளக்கின்கீழ் பளிச்சிடக்கூடும். சோப்புத்தூளிலும் வெண்மையூட்டி இருப்பதே காரணம். ஆகவே எந்த ஓர் அடையாளத்தையும் தனித்து நம்புவதில்லை. பலவற்றைச் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

பார்த்தால் போதாது, அசைத்துப் பார்க்க வேண்டும்

இதுவரை கண்டவற்றின் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம். நகலெடுக்கும் எந்திரம் நோட்டை ஒரே கோணத்தில், ஒரே ஒளியில் காண்கிறது. அந்தக் கோணத்தில் தெரியும் தோற்றத்தை அது நன்றாகவே படைத்துவிடும். ஒளியையும் கோணத்தையும் மாற்றும்போது நோட்டு எவ்வாறு மாறுகிறது என்பதே அதற்கு எட்டாதது. நாகலாபுரத்தின் ஒளிப்படத்தில் கதிர் ஏறாதது போல, போலி நோட்டின் இழையில் நிறம் மாறாது.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் நோட்டை வாங்கும்போது தோற்றத்தை மட்டுமே பார்க்கிறோம். நிறம் சரி, காந்தி படம் சரி, எண் சரி என்று பெட்டியில் போடுகிறோம். சித்தூர் வட்டாரத்தில் மாம்பழப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது கட்டுக்கட்டாகப் பணம் கைமாறுகிறது. திருப்பதியில் பூக்கடை, சிற்றுண்டிக்கடை, ஆட்டோ எனப் பல தொழில்கள் விடியலுக்கு முன்பே தொடங்கி நள்ளிரவு வரை நடக்கின்றன. மங்கிய விளக்கு, நீண்ட வரிசை, அவசரம் ஆகிய மூன்றும் சேரும் இடமே போலி நோட்டைத் தள்ளிவிட நினைப்பவருக்கு உகந்த இடம். ஒரு நாள் முழுதும் பூ விற்றவருக்கு ஐந்நூறு ரூபாய் என்பது அன்றைய வரவில் பெரும்பகுதியாக இருக்கலாம்.

எனவே கீழ்க்காணும் பழக்கத்தைக் கைக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். ஒரு நோட்டுக்குச் சில வினாடிகளே ஆகும்.

1. தூக்கிப் பிடியுங்கள். விளக்கை முகத்துக்கு எதிரே வைத்து, நீர்க்குறியையும் இருபுறக் கோடுகள் பொருந்துவதையும் பாருங்கள்.

2. சாய்த்துப் பாருங்கள். இழை பச்சையிலிருந்து நீலமாகிறதா என்று காணுங்கள். 200 ரூபாய் நோட்டிலும் 2018 முதல் வெளிவரும் புதிய 100 ரூபாய் நோட்டிலும் இழை இவ்வாறே மாறும்.

3. தடவிப் பாருங்கள். காந்தியடிகளின் உருவமும் அசோகச் சின்னமும் விரலுக்கு மேடாகத் தென்படும். ஐந்நூறு ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் ஐந்து சாய்ந்த கோடுகள் மேடாக இருக்கும்.

4. கடையில் பணம் வாங்கும் இடத்துக்கு மேல் ஒரு நல்ல வெண்ணிற விளக்கு வையுங்கள். வண்ண அலங்கார விளக்கின்கீழ் பச்சைக்கும் நீலத்துக்கும் உள்ள வேறுபாடு புலப்படாமல் போகலாம்.

ஒளி உதவாதபோது

பார்வைக் குறைபாடு உடைய வாடிக்கையாளர்களுக்கு மேற்சொன்னவற்றுள் பெரும்பாலானவை பயன்படா. அவர்களுக்காகவே ஓரத்துக் கோடுகளும் மேடான அடையாளக் குறிகளும் அமைக்கப்பட்டுள்ளன. 100 ரூபாயில் முக்கோணம், 500 ரூபாயில் வட்டம் என்று குறிகள் வேறுபடும். அன்றியும், ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. கேமராவின்முன் நோட்டைக் காட்டினால் அதன் மதிப்பை அது குரலால் அறிவிக்கும். மதிப்பை அறிவது மட்டுமே அதன் பணி. நோட்டு நல்லதா போலியா என்று அது தீர்ப்பதில்லை. இவ்வேறுபாட்டை வீட்டிலுள்ளோர் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

போலி என்று தெரியவந்தால்

வங்கிக் கவுன்டரில் செலுத்தப்படும் நோட்டு போலி என்று தெரிந்தால், அதனைத் திருப்பித் தர எங்களுக்கு அனுமதி இல்லை. ‘போலி நோட்டு’ என்று ஆங்கிலத்தில் முத்திரையிட்டு அதனை வசப்படுத்த வேண்டும். அதற்கான தொகையைக் கணக்கில் வரவு வைக்க இயலாது. அந்நோட்டைக் கொண்டுவந்தவருக்கு ஒப்புகைச் சீட்டு வழங்க வேண்டும். அவர் கையொப்பமிட மறுத்தாலும் சீட்டு தரப்பட வேண்டும் என்பதே விதி. ஒரே பரிவர்த்தனையில் நான்கு வரை இருந்தால் மாத முடிவில் தொகுத்துக் காவல்துறைக்கு அறிக்கை செல்லும். ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படும்.

இதனால் வாடிக்கையாளர் மனம் வருந்துவதை நாங்கள் அறிவோம். உழைத்துப் பெற்ற பணம், தாம் அறியாமல் வாங்கிய ஒரு தாளால் வீணாகிறது. ஆயினும் அந்தத் தாள் மீண்டும் சந்தைக்குச் சென்றால் இழப்பு வேறொருவர் தலையில் விழும். அவர் நம்மைவிட எளியவராகவும் இருக்கலாம். போலி என அறிந்தபின் அதனைப் பிறரிடம் செலவிடுவதும், செலவிடும் நோக்கத்துடன் வைத்திருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 179, 180 ஆம் பிரிவுகளின்படி குற்றங்களாகும். ஐயம் எழுந்தால் அந்நோட்டைத் தனியே எடுத்துவைத்து, யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, வங்கிக்கோ காவல் நிலையத்துக்கோ கொண்டுவருவதே முறை. நோட்டை வாங்கும் கணத்திலேயே சாய்த்துப் பார்த்துவிட்டால் இந்த நிலையே வராது. கொடுத்தவர் எதிரில் நிற்கும்போது வேறு நோட்டுக் கேட்பது எளிது.

கொடுத்தவரை ஐயுறுவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கத்தால் பலர் நோட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை. தங்கத்தை உரைத்துப் பார்ப்பதும், தேங்காயைத் தட்டிப் பார்ப்பதும் நம் வழக்கம். விற்பவர் யாரும் அதற்காக மனம் கோணுவதில்லை. நோட்டை ஒளியில் பார்ப்பதும் அவ்வாறே இயல்பான பழக்கமாக வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டையும் ஒரு கைவிளக்கையும் கொடுத்து, அதில் எத்தனை மாற்றங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாளை அவர்கள் கல்லாவில் அமரும்போது அவர்களை ஏமாற்றுவது எளிதாக இராது.